பட்டியலில் இல்லாத பீப்பாய்கள்

எனக்கு வயது ஐம்பத்துமூன்று. தொழில் கணக்குத் தணிக்கை. பெயரும் முகவரியும் தனித்தாளில் எழுதிக் கொடுத்துள்ளேன். வாசனை எண்ணெய்த் தொழிற்சாலையின் கிடங்குக்காரர் முந்நூறு பீப்பாய் எண்ணெயைத் திருடியதாகக் கைதானது குறித்து விசாரிக்க அழைத்ததால் இன்று காலை காவல் நிலையத்தில் ஆஜரானேன்.

அந்தத் தொழிற்சாலைக்கு ஆறு வருடமாக நான்தான் ஆடிட்டர். வருடக் கடைசியில் சரக்கை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறது தேசியத் தணிக்கைத் தரநிலை. எல்லாவற்றையும் திறக்கச் சொல்லவில்லை, மாதிரிக்குச் சில பார்த்தால் போதும். வெளியாட்களுக்கு இது புரிவதே இல்லை. என் மனைவியின் அண்ணன்கூட, "நீ கையெழுத்துப் போட்டா எல்லாத்தையும் பார்த்துட்டேன்னுதானே அர்த்தம்? இல்லாட்டி எதுக்கு மாப்பிள்ளை உனக்கு ஃபீஸ்?" என்று சாப்பிடும்போது வம்புக்கு இழுப்பார். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஆனால் எவற்றைத் திறக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லக் கூடாது. நான் சொன்னேன். மூன்றடுக்காக இருக்கிற பீப்பாய்களை இறக்க நேரமாகும், முன்னாடியே சொல்லுங்கள் என்று மேலாளர் கேட்டுக்கொண்டதால், வருடாவருடம் செய்வதுபோல் இந்த முறையும் முப்பது பீப்பாய்களின் எண்களை முதல் நாளே அனுப்பிவிட்டேன்.

மறுநாள் பிற்பகல் கிடங்குக்குப் போனேன். கூரைக் கண்ணாடி வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. அதில் தூசி மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றது. வாசனையில் தலை லேசாகி, கால் தரையில் பாவாததுபோல் இருந்தது. நான் பேசுவது அடுத்த அறையில் யாரோ பேசுவதாக எனக்கே கேட்டது. இறக்கி வைத்திருந்த முப்பதையும் திறந்து அளவுகோலை உள்ளே விட்டுப் பார்த்தேன். எல்லாம் நிறைந்திருந்தன. அதன்பின் கிடங்குக்காரர் என்னைப் பின்வரிசைக்குக் கூட்டிப்போய் ஒரு பீப்பாயை விரலால் தட்டினார். பிறகு அடுத்ததை. அப்படியே தட்டிக்கொண்டு வரிசைக் கடைசிவரை போனார். ஓசை நீளமாக, கேட்க இதமாக இருந்தது. காலிப் பீப்பாயின் ஓசை எனக்குத் தெரியாததல்ல.

"இதையும் ஒரு தடவ பாருங்க சார்" என்றார். "அது லிஸ்ட்ல இல்லையேப்பா" என்றேன். எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் வெளியே வந்து காரின் பின்சீட்டில் ஏறி, வீடு வரும்வரை தூங்கினேன். அதன்பின் சரக்கு முழுவதும் இருப்பதாகக் கையெழுத்திட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, அந்தச் சரக்கின் பேரில் கடன் கொடுத்த வங்கிக்காரர்கள் திறந்து பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. ஆடிட்டர் பார்த்த அன்று எண்ணெய் இருந்தது, ஆகவே பிறகுதான் களவு போயிருக்கிறது, சாவி கிடங்குக்காரரிடம்தான் இருந்தது என்று மேலாளர் புகார் கொடுத்தார். கிடங்குக்காரர் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அவ்வளவு பெரிய ஆடிட்டர் பார்க்காமலா கையெழுத்துப் போடுவார் என்று காவலர்கள் சிரித்தார்களாம். ஐயோ, அவரை உள்ளே தள்ளியது நான்தான்.

இந்த இடத்தில் ஆய்வாளர் எழுதுவதை நிறுத்தினார். "சார், அவன் சொல்றத யாரும் நம்பல. நீங்களே இதச் சொன்னா உங்க தொழில் போச்சு. யோசிச்சுக்கங்க" என்றார். "யோசிச்சாச்சு, எழுதுங்க" என்றேன். பயமாகத்தான் இருக்கிறது.

நான் போன அன்றே அந்தப் பீப்பாய்கள் காலி. அவர் தட்டிக் காட்டினார், என் காதில் விழுந்தது. மேலே எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. இதுவரை நான் போட்ட கையெழுத்துகளை யாரும் நம்ப வேண்டியதில்லை. இந்த ஒன்றை நம்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(கையொப்பம்)