உண்டியலில் விழுந்த அரக்கன்

தயிர்ச் சோற்றைச் சட்டியிலேயே பிசைந்து சாப்பிட்டால்தான் ருசி. தட்டுக்கு மாற்றினால் பாதி போய்விடும். இது என் வீட்டாருக்கு இத்தனை வருடமாகப் புரியவில்லை என்பதைத் தவிர, அவர்கள் மேல் எனக்கு வேறு குறை கிடையாது.

இந்தப் போனைப் பார்த்து, நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னார்கள். சொல்கிறேன். என் பெயர் கோவர்த்தனன். சத்தியவேடு பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். சாதுவான மனிதன், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். வீட்டில் மட்டும் கேட்க வேண்டாம்.

என் மகள் தரணி திருப்பதியில் ஒரு சின்ன கம்பெனியில் கார்ட்டூன் வரைகிறாள். வேலை முடிந்து வந்தபிறகு, ஒரு வருடமாகத் தனக்கென்று ஒரு படம் செய்துகொண்டிருந்தாள். ஹைதராபாத்தில் ஒரு போட்டிக்கு அனுப்பத்தான். ஜெயித்தால் பெரிய ஸ்டூடியோவில் வேலை. படம் முடிந்ததும் ஊருக்குக் கொண்டுவந்து எங்கள் டி.வி.யில் போட்டுக் காட்டினாள். என் மச்சான் துலுக்காணமும் வந்திருந்தான்.

கதை நமக்குத் தெரிந்ததுதான். ஏழு கடல், ஏழு மலைக்கு அப்பால் ஓர் அரக்கன். அவன் உயிர் கூண்டுக் கிளிக்குள். தரணி அதைத் தலைகீழாக்கியிருந்தாள். இளவரசியை மீட்க வந்த ராஜகுமாரன் முதல் கடலிலேயே வாந்தியெடுத்துத் திரும்பிவிடுகிறான். இளவரசியை யாரும் சிறை வைக்கவும் இல்லை. சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்காத அரக்கனுக்கு வேலை செய்தே அவள் மாட்டிக்கொண்டிருக்கிறாள். தாகமெடுத்தால் அவன் ஏழு மலைக்கும் கேட்கிற மாதிரி கத்துகிறான். தண்ணீர்ச் சொம்பு அவன் காலடியிலேயே இருக்கிறது. உயிர் கிளிக்குள் இல்லை, டி.வி. ரிமோட்டுக்குள். இளவரசி பேட்டரியைக் கழற்றியதும் பொத்தென்று விழுகிறான்.

என் மனைவி ஜெயம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். துலுக்காணம் தரையில் புரண்டான்.

"மாமா, அச்சு அசலா நீயேதான். அந்தக் கொறட்டகூட உன்னுதுதான்," என்றான்.

நான் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். அரக்கன் மாங்காய் தின்ற கையைப் பின்கட்டுத் திரைச்சீலையில் துடைக்கிறான். நான் துடைப்பது முன்னறைத் திரைச்சீலையில். ஒற்றுமை ஒன்றும் இல்லை. இருந்தாலும் வலித்தது. பெற்ற மகளே ஒரு வருடம் உட்கார்ந்து அப்பன் தொப்பையை வரைந்தால் எந்தத் தகப்பனுக்கும் வலிக்கும்.

மறுநாளே அவள் லேப்டாப் மக்கர் செய்தது. ரிப்பேர் பார்த்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று கடையில் சொன்னார்களாம். படத்தை நகத்தளவு மெமரி கார்டில் ஏற்றி என்னிடம் கொடுத்தாள்.

"நைனா, இது ஒன்னுதான் கீது. பத்திரமா வெச்சிரு."

பத்திரமான இடம் என்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எங்கள் வீட்டில் ஒரு வேண்டுதல் என்றால் மஞ்சள் துணியில் காசு முடிந்து பெருமாள் படத்துக்கு முன்னால் வைப்போம். முடிந்தபிறகு அது பெருமாளுடையது, யாரும் அவிழ்க்கக்கூடாது. திருமலைக்குப் போய் முடிச்சோடு உண்டியலில் போட வேண்டும். தரணியின் படம் ஜெயிக்க வேண்டும் என்று ஜெயம்மா அன்றுதான் துணியில் காசு வைத்திருந்தாள். வீட்டுக்குப் பெரியவன் என்று முடிச்சுப் போட என்னைக் கூப்பிட்டாள். போட்டேன். காசுக்கு நடுவே கார்டும் இருந்தது.

லேப்டாப் சரியாகி வந்ததும் தரணி கார்டைக் கேட்டாள். பீரோவில் வைத்ததாக ஞாபகம் என்றேன். வீட்டையே புரட்டினார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே எங்கெங்கே தேடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அரிசி டிரம்மைக் கொட்டிப் பார்க்கச் சொன்னது நான்தான். "இம்மாம் பெரிய சாமான யாராவது ஒருத்தன் கையில நம்பிக் குடுப்பாங்களா?" என்று அவளைக் கண்டிக்கவும் செய்தேன்.

அவள் சாப்பிடாமல் அழுதாள். பொறுக்கமுடியாமல் ஒரு பெங்களூரா மாங்காய் நறுக்கி முன்னால் வைத்தேன். தொடவில்லை. வீணாகக் கூடாதென்று நானே தின்றேன்.

உடனே மலைக்குப் போக வேண்டும் என்றாள் ஜெயம்மா. மூன்று பேரும் போனோம். உண்டியலுக்கு முன்னால் அவள் முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பெருமாளே, எம்பொண்ணு கார்டு எப்படியாவது கெடைக்கணும்" என்று வேண்டிக்கொண்டே, அந்தக் கார்டை உள்ளே போட்டாள். எனக்கு லேசாகச் சங்கடமாக இருந்தது. லட்டு வாங்கியதும் சரியாகிவிட்டது.

கீழே இறங்குகிற பஸ்ஸிலும் தரணி அழுதுகொண்டிருந்தாள்.

"அழுதுகினே இருக்காதம்மா. பெருமாளு திருப்பிக் குடுத்துடுவாரு," என்றாள் ஜெயம்மா.

எனக்கு நல்ல அசதி. தூக்கக் கலக்கம் வேறு. "உண்டியல்ல போட்டத எங்கமே திருப்பிக் குடுக்கறது?" என்றேன்.

பஸ் அடுத்த வளைவில் திரும்பியது. பிறகு இரண்டு பேரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

போட்டித் தேதி முடிந்துவிட்டது. அந்த வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. அதில் எனக்கும் வருத்தம்தான். ஆமாம், நான்தான் செய்தேன், தெரிந்தேதான் செய்தேன். குடும்ப மானத்துக்காகச் செய்தேன். இதை யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. தரணி ரிமோட்டைத் தண்ணீர் வாளிக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பது தற்செயல்.

அடுத்த வருடப் போட்டிக்குப் படத்தை முதலிலிருந்து வரையப்போகிறாளாம். இப்போது பதிவாகிற என் பேச்சைத்தான் அரக்கனுக்குக் குரலாக வைக்கப்போகிறாளாம். சம்மதித்துவிட்டேன். ஒருவகையில் நல்லதுதான். என் குரலைக் கேட்டால், அந்த அரக்கன் நான் இல்லை என்பது ஊருக்கே விளங்கிவிடும்.

அவ்வளவுதான். ஜெயம்மா, தொண்ட வறண்டுபோச்சு, சீக்கிரம் வந்து தண்ணி குடு. சொம்பு இங்கதான் கீது, என் காலாண்ட.