பிரம்மசக்தி பார்த்த கை

ரொம்பக் காலத்துக்கு முந்தி, தேரிக்காட்டுக்குப் பாதையே இல்லாத நாளில், கொம்பன்விளை என்ற ஊரில் நடந்ததாம் இது.

தேரி என்றால் செக்கச்செவேல் என்ற மணல்காடு. காற்றடித்தால் இன்றைக்கு இங்கே நிற்கிற மேடு நாளைக்கு அங்கே நிற்கும். எல்லைக்குக் கல் நட்டால் கல் புதைந்துபோகும். அதனால் நரிவெங்காயத்தைத்தான் வரிசையாக நடுவார்களாம். பார்க்க வெங்காயம், தின்றால் விஷம். ஆடு கடிக்காது. மழை இல்லாவிட்டாலும் சாகாது. மணல் மூடினாலும் பூத்தண்டு மேலே எட்டிப் பார்க்கும்.

அந்த ஊரில் செல்லக்கனி என்று ஒருத்தி. புருஷன் இல்லை. அவளுக்கு இருந்தது இரண்டே பனை. அந்தப் பதநீரில்தான் பிள்ளைகள் வயிறு நிறைந்தது. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால், வெங்காய வரிசை பத்தடி தள்ளி நிற்கிறது! இரண்டு பனையும் பக்கத்துத் தோட்டத்துக்குள்ளே!

பக்கத்துத் தோட்டம் ஊர்த்தலைவர் பூவுலிங்கத்துடையது. நியாயம் சொல்ல வேண்டியவரும் அவரேதான்.

மூன்றாம் நாள் ஊர் கூடியது. பூவுலிங்கம் மடியில் துண்டைப் போட்டு, கையை அதற்குள் வைத்துக்கொண்டு சொன்னாராம்: "மணலு நகருதுல்லா? வெங்காயமும் கூட நகந்திருக்கும். காத்து செஞ்சதுக்கு நான் என்னட்டி செய்ய?"

"காத்துக்கு எம் பனைதான் கண்ணுல பட்டுதாக்கும்!" என்றாள் செல்லக்கனி.



அப்போது பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்தாள். தலைவரின் பெண்டாட்டி பிரம்மசக்தி. எங்கள் வம்சத்துக்கே மூத்தவள்.

"அந்தக் கையை வெளிய எடும்."

ஊரே அதிர்ந்துபோனதாம். சபையில் வைத்துப் புருஷனைக் கேட்கிறாளே!

"ஏட்டி, வீட்டுக்குப் போ!"

"காட்டும், போறேன். மூணு நாளா நான்தான உமக்குச் சோறு ஊட்டுதேன்? எறும்பு கடிச்சிட்டுன்னீரு. எந்த எறும்பு ரெண்டு உள்ளங்கையையும் பாத்துப் பாத்துக் கடிக்கும்?"

துண்டை இழுத்தாள். கை இரண்டும் கொப்பளம் கொப்பளமாக வெந்து கிடந்ததாம்!

நரிவெங்காயச் சாறு பட்டால் அப்படித்தான் ஆகும். நடுகிறவர்கள் கையில் பனம்பன்னாடையைச் சுற்றிக்கொண்டுதான் தொடுவார்கள். ஆள் வைத்தே நட்டுப் பழகியவருக்கு அது எங்கே தெரியும்?

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் வரிசை பழைய இடத்துக்குத் திரும்பியதாம்.

இன்றைக்கும் கொம்பன்விளையில் நியாயம் சொல்ல உட்கார்கிறவர் முதலில் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்ட வேண்டும். ஊருக்கு அல்ல, தன் வீட்டுக்காரிக்கு. அவள் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் பேச்சே தொடங்கும்.