மூவாயிரத்து ஐந்நூறுக்குள்

நீங்கள் உட்கார்ந்திருக்கிற அந்த நாற்காலி ஐந்து கிலோவைத் தாண்டாது, இன்ஸ்பெக்டர். பார்த்தாலே சொல்லிவிடுவேன், பழக்கம் அப்படி. முப்பது வருஷத்துக்கு மேல் க்ரிம்ஸ்பி வட்டாரத்தில் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். மீன் மார்க்கெட்டில் தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவனையும், நிலக்கரி மூட்டையில் கல்லைக் கலந்தவனையும் கோர்ட்டுக்கு இழுத்திருக்கிறேன். டெஸ்மண்ட் பர்கெஸ் தெருவில் வருகிறான் என்றால் கறிக்கடைக்காரன் தராசிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிடுவான். எடையில் ஏமாற்றுகிற ஆள் நான் இல்லை. அது உங்களுக்குத் தெரிந்திருந்தால் மற்றதைப் பேசுவது சுலபம்.

எனக்கு எழுபது வயது ஆனதில்தான் இது ஆரம்பித்தது. எங்கள் தலைமுறைக்கு சாதாரண கார் லைசென்ஸிலேயே ஏழரை டன் வரை ஓட்டலாம். எழுபதானால் அந்த உரிமை போய்விடும். ஆளும் சாமானும் சேர்த்து அனுமதி எடை மூவாயிரத்து ஐந்நூறு கிலோவைத் தாண்டிய வண்டியைத் தொட வேண்டுமென்றால் டாக்டரிடம் கண்ணையும் நெஞ்சையும் காட்டிக் கையெழுத்து வாங்கியாக வேண்டும். எங்கள் மோட்டார்ஹோமில் அனுமதி எடை பொறித்த தகட்டில் மூவாயிரத்து எண்ணூற்று ஐம்பது என்று இருந்தது. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. ஓய்வு பெற்ற பிறகு நானும் என் மனைவி நோரீனும் வருஷத்தில் பாதி அதில்தான் குடித்தனம் செய்தோம்.

"அப்பா, அரை மணி நேர வேலை. போய்க் காட்டிட்டு வந்துருங்களேன்," என்றாள் மகள் ஜனீன். "இடது கண்ணுல பனி மூட்டமா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? அதையும் பார்த்துருவாங்க."

அதையும் பார்த்துவிடுவார்கள் என்பதால்தான் நான் போகவில்லை. மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. ஐம்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், ஒரு கீறல் கிடையாது. நேற்று முளைத்த ஒரு டாக்டர் பையன் என் கண்ணில் டார்ச் அடித்து, "போதும் தாத்தா, சாவியைக் குடுங்க" என்று சொல்வதைக் கேட்க நான் எதற்குப் போய் நிற்க வேண்டும்?

சட்டமே வேறு வழி வைத்திருக்கிறது. வண்டியின் அனுமதி எடையைக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கு வண்டியில் ஒரு ஆணியைக்கூடக் கழற்ற வேண்டாம். இதற்கென்றே இருக்கிற நிறுவனங்கள் புதுத் தகடு அனுப்பும், நாமே ஒட்டிக்கொள்ளலாம். பிறகு பதிவுச் சான்றை அனுப்பி வரி வகையையும் மாற்ற வேண்டும், கனரக வகையிலிருந்து சாதாரண வகைக்கு. இதில் வேடிக்கை, கனமான வகைக்குத்தான் வரி கம்மி. எடையைக் குறைத்ததும் என் வரி கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது. முணுமுணுக்காமல் கட்டினேன். ஏமாற்றுக்காரன் எவனாவது வலியப் போய்க் கூடுதல் வரி கட்டுவானா, நீங்களே சொல்லுங்கள்.

தகடு மாறிவிட்டது. வண்டி அதே வண்டிதானே. சாமான்களோடு எங்கள் இரண்டு பேரையும் வைத்துத் துறைமுகத்து எடை மேடையில் ஏற்றினால், புது அளவுக்கு மேல் இருநூறு கிலோ காட்டியது. வீட்டுக்கு வந்து இறக்க ஆரம்பித்தேன். வெயில் பந்தல் போனது, சைக்கிள்கள் போயின, ஸ்டெப்னி போனது. பீங்கான் தட்டெல்லாம் அலமாரிக்குத் திரும்பி பிளாஸ்டிக் தட்டுகள் வந்தன. தண்ணீர்த் தொட்டியைக் கால்வாசிக்குக் குறைத்தேன். நோரீன் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்து என் பல்செட்டையும் கழட்டிக் கேப்ப போல."

"அது நாப்பது கிராம்கூட வராது," என்றேன்.

"அடப்பாவி, நெஜமாவே கணக்குப் போட்டு வெச்சிருக்கான் பாரு," என்று சிரித்தாள். அவளுக்கு எப்போதும் சிரிப்பு இருமலில்தான் முடியும்.

இளம் வயதில் மீனுக்குப் புகை போடுகிற கூடத்தில் வேலை, போதாததற்கு சிகரெட். நுரையீரல் பாழாகிவிட்டது. ஆள் ஐம்பத்தோரு கிலோவுக்கு இளைத்துப்போயிருந்தாள். ராத்திரி தூங்கவும் நாலு எட்டு நடக்கவும் ஆக்சிஜன் வேண்டும். பயணத்துக்கென்று ஆஸ்பத்திரியில் இரண்டு சிலிண்டர் கொடுத்திருந்தார்கள், ஒன்று பதினைந்து கிலோ. "ரெண்டு இல்லாம வாசப்படி தாண்டக் கூடாது," என்று அந்த நர்ஸ் பெண் என்னிடம்தான் சொன்னாள். நான் மறுக்கவில்லை.

எல்லாம் இறக்கியும் என் கணக்குப்படி சரியாகப் பதினைந்து கிலோ கூடுதலாக இடித்தது. மறுபடி எடை மேடைக்குப் போகவில்லை. இந்தத் தொழிலில் பழுத்தவனுக்கு மனக்கணக்கு போதும். கட்டிலுக்கு அடியில் இருக்கிற பெட்டகத்தில் இரண்டே சாமான் மிச்சம். ஒன்று, இரண்டாவது சிலிண்டர். இன்னொன்று, என் தூண்டில் பெட்டி.

அந்தப் பெட்டியை ஏன் இறக்கவில்லை என்று மூன்றாவது தடவை கேட்கிறீர்கள். பதில் மாறாது. அதில் இருந்தது ஈயக் குண்டுகள், பதினெட்டு கிலோ. ஸ்காட்லாந்தின் வடக்குக் கரையில் கடல் இழுக்கிற இழுப்புக்கு ஈயம் இல்லாமல் தூண்டில் தரையில் நிற்காது. மீன் பிடிக்காமல் அவ்வளவு தூரம் போவதற்கு வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். சிலிண்டர் ஒன்று போதும் என்று கணக்குப் போட்டேன். தினம் எவ்வளவு செலவாகிறது, எத்தனை நாள் தங்குகிறோம், எல்லாம் பார்த்துத்தான் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு செய்த காரியம் இல்லை.

கிளம்பும்போது சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே கேட்டாள், "டெஸ், ரெண்டையும் ஏத்திட்டியா?"

"ஏத்தியாச்சு," என்றேன்.

நாற்பத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் நான் சொன்ன ஒரே பொய் அது. அவள் பயப்படக் கூடாதென்று சொன்னேன். பயந்தால் மூச்சு இன்னும் வாங்கும் என்று அதே நர்ஸ்தான் சொன்னாள்.

போன இடத்தில் காட் மீன் அப்படி அடித்தது. திட்டமிட்டதற்கு மேல் தங்கினோம். நோரீன்தான் ஆரம்பித்தாள். "நாளைக்குக் கிளம்பிடலாமா? சிலிண்டர்ல முள்ளு கீழ வந்துட்டே இருக்கு."

"அதான் இன்னொண்ணு இருக்கே. எதுக்கு அவசரப்படுற?"

இதை இன்னொரு பொய்யாக எண்ணுகிறீர்களா? முதலில் சொன்னதன் தொடர்ச்சிதான் அது.

மறுநாள் காலையில் நான் பாறை மேல் நின்றுகொண்டிருந்தேன். மேலே சாலையிலிருந்து ஹாரன் கேட்டது. எங்கள் வண்டியின் ஹாரன்தான், எனக்குத் தெரியாதா? தூண்டிலில் அப்போதுதான் ஏதோ கனமாக இழுத்தது. கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை கேட்டது. காலை டீ போட்டிருப்பாள், கூப்பிடுகிறாள் என்று வைத்துக்கொண்டேன். திரும்பவும் அடித்தால் போகலாம் என்று நின்றேன். திரும்ப அடிக்கவில்லை.

மேலே ஏறிப் போனபோது கட்டில் பலகை தூக்கிக் கிடந்தது. ஈயப் பெட்டியை வெளியே இழுத்துப்போட்டு, அதற்குப் பின்னால் தேடியிருக்கிறாள். அந்த நிலைமையில் பதினெட்டு கிலோவை எப்படி இழுத்தாள் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. ஆள் ஓட்டுநர் இருக்கையில் ஸ்டியரிங் மேல் சாய்ந்து கிடந்தாள். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது அவர்களுக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. ஜனீன் போனில் அழுதுகொண்டே, "கொன்னுட்டீங்களே அப்பா," என்றாள். அழுகிற பெண்ணோடு என்ன வாதாடுவது, போனை வைத்துவிட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள். சிலிண்டர் வண்டியில் இல்லை என்று எனக்குத் தெரியும். அது இல்லாமல் அவள் என்னாவாள் என்றும் தெரியும். தெரிந்தேதான் கூட்டிப்போனேன். அவள் மேல் எனக்கு உயிர், அதையும் எழுதுங்கள். ஆனால் அளவுக்கு மேல் பாரம் ஏற்றி மாட்டிக்கொண்டு, "எழுபது வயசு எடை ஆய்வாளருக்கே எடை தெரியல" என்று ஊர் சிரிக்க நான் நிற்க மாட்டேன். இன்றைக்கும் அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் அதேதான் செய்வேன்.

அவளை வேறு வண்டியில் கொண்டுவந்தார்கள். நான் தனியாக ஓட்டிக்கொண்டு திரும்பினேன். வழியில் டாங்க்கை நிரப்பிக்கொண்டு, ஒரு எடை மேடை கண்ணில் பட்டதும் ஏற்றிப் பார்த்தேன். மூவாயிரத்து நானூற்று எழுபது. முப்பது கிலோ மிச்சம். வேண்டுமானால் அங்கே போய் விசாரித்துக்கொள்ளுங்கள், பயமில்லை.

"அப்படின்னா போகும்போது உங்க மனைவி உள்ளே இருந்தாங்களே," என்கிறீர்கள். "அவங்களோட ஐம்பத்தோரு கிலோவையும் சேர்த்தா? சிலிண்டரை இறக்கியும் வண்டி அளவுக்கு மேலதானே இருந்திருக்கும்?"

அந்தக் கூட்டலை நான் போட மாட்டேன், இன்ஸ்பெக்டர். மேடை மேல் இல்லாத ஒன்றை எடையில் சேர்த்துச் சொல்வதற்கு எங்கள் தொழிலில் மோசடி என்று பெயர்.