படத்தின் இடது ஓரம்

"மாமா, டிவிக்குள்ள போனா எங்க அத்தை மட்டும் ஏன் பூசணிக்கா ஆயிடறாங்க?" என்று ஒரு குழந்தை என்னிடம் கேட்டது. பெயர் ஓவியா. நாலு வயது முடியவில்லை. அத்தையின் கல்யாண டிஸ்க்கைச் சரிசெய்ய, அம்மா உதயாவோடு கிழக்குத் தாம்பரத்தில் என் கடைக்கு வந்திருந்தாள். ஒரு ரப்பர் பேண்டில் பேனாவால் முகம் வரைந்து இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டினேன். முகம் குண்டானது. "விட்டுடுங்க மாமா, அத்தைக்கு வலிக்கும்" என்றாள். குழந்தைகளோடு பொறுமையாகப் பேசுவது பெருமாளுக்குச் செய்யும் சேவை என்று நினைப்பவன் நான்.

என் வேலையில் பாதி இதுதான். பழைய டிவி கிட்டத்தட்டச் சதுரம், புது டிவி அகலம். சதுரமாக எடுத்ததை அகல டிவியில் போட்டால் ஆட்கள் குண்டாவார்கள். அகலமாக எடுத்ததைப் பழைய டிவியில் நெருக்கிப் போட்டால் எலும்பும் தோலுமாகத் தெரிவார்கள். மேலும் கீழும் கருப்புப் பட்டை விட்டால் படம் முழுசாக, சரியான அளவில் இருக்கும். ஆனால் பட்டை யாருக்கும் பிடிக்காது. "இன்னா சார், பாதி டிவி கருப்பா கீது, கரண்ட் கம்மியா?" என்று கேட்பார்கள். அதனால் பக்கவாட்டில் வெட்டிவிடுவது வழக்கம். ஓரத்தில் நிற்பவர்கள் போய்விடுவார்கள். பெரும்பாலும் பந்தி பரிமாறுகிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள். குறை சொல்லி ஒருவரும் வந்ததில்லை.

நீங்கள் கேட்பது அரிகிருஷ்ணன் வீட்டுக் கிரகப்பிரவேச டிஸ்க்கைப் பற்றி. சொல்கிறேன்.

அரிகிருஷ்ணன் உதயாவின் மாமனார். முடிச்சூரில் நெல் போட்ட நிலத்தை மனை போட்டு விற்று, கடைசி மனையில் தனக்கென்று மாடி வீடு கட்டினார். ஹோமப் புகையில் டைல்ஸ் கருத்துவிடும் என்று வாசலில் பந்தல் போட்டு அங்கேயே கணபதி ஹோமம் வைத்தார். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, பந்தல் முழுக்க விழும்படி அகலமாக வைத்தேன். ஹோம குண்டம் நடுவுக்குச் சற்று இடப்பக்கம். வலப்பக்கம் குடும்பத்தார். இடது ஓரத்தில், கேட்டை ஒட்டி, தரைக்குள் கட்டிய தண்ணீர்த் தொட்டி. சம்ப் என்பார்கள். மோட்டாருக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. வேண்டியவர்கள் இரும்பு மூடியை நகர்த்தி வாளியால் மொண்டுகொண்டார்கள்.

அந்தச் சம்ப்பில்தான் ஓவியா விழுந்தாள்.

வெளியே எடுத்தபோது மூடி திறந்து கிடந்தது. அதில் தண்ணீர் மொண்டு பாத்திரம் தேய்த்தவள் பச்சையம்மா. அரிகிருஷ்ணனுக்குத் தூரத்துச் சொந்தம், புருஷன் இல்லாதவள், அந்த வீட்டிலேயே இருந்தவள். எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். போலீஸ் வந்து விபத்து என்று எழுதிக்கொண்டு போனது. வீட்டார் அப்படி எழுதிக்கொள்ளவில்லை.

காரியம் முடிந்த பிறகு அரிகிருஷ்ணன் டிஸ்க் கேட்டார். ஓவியாவின் முகம் கடைசியாக அதில்தான் இருந்தது. அவர் வீட்டில் இருந்தது பழைய டிவி. வெட்டித்தான் கொடுத்தேன். நடுவில் வைத்து இரண்டு பக்கமும் சமமாக வெட்டினால் மூடியில் பாதி தெரிந்தது. அதனால் வெட்டும் சட்டத்தை வலப்பக்கம் தள்ளினேன். குண்டத்தின் ஓரம் கொஞ்சம் போனது, சம்ப் முழுக்கப் போனது. பெற்றவள் அதைப் பார்க்கலாமா? நீங்களாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பீர்கள்.

டிஸ்க்கைக் கொடுத்த வாரம் பச்சையம்மா என் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சார், நான் மூடிட்டுதான் வந்தேன். மூடின நெனப்பு கீது. ஆனா ஊரே நீதான் நீதான்னு சொல்லிக்கினு கீதா, இப்ப எனக்கே தெரியல. உங்க படத்துல பாத்து சொல்லுங்க சார். மூடலன்னா மூடலன்னு சொல்லுங்க, நான் தாங்கிக்குறேன்."

அரிகிருஷ்ணனுக்குக் கொடுத்த அதே டிஸ்க்கைப் போட்டுக் காட்டினேன். திரைக்குப் பக்கத்தில் போய், இடது ஓரத்தைக் கையால் தடவினாள். அதற்கு அப்புறம் ஏதாவது ஒளிந்திருக்குமோ என்று பார்ப்பதுபோல இருந்தது.

"இன்னா சார், குண்டத்தோட நிக்குதே?"

"கேமராவில் விழுந்தது அவ்வளவுதான் பச்சையம்மா."

அழுதாள். தண்ணீர் கொடுத்தேன். தெரியாமல் செய்த பிழையைப் பெருமாள் மன்னிப்பார், அதற்கு முதலில் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒப்புக்கொண்டால் மனசு லேசாகும் என்று எடுத்துச் சொன்னேன். என் வார்த்தைக்கு அவள் மரியாதை வைத்தாள். என் ஸ்கூட்டரிலேயே முடிச்சூருக்கு அழைத்துப் போனேன். உதயாவின் காலில் விழுந்து, "நான்தாம்மா மூடல. என்னிய இன்னா வேணா பண்ணிக்கோ" என்றாள். உதயா எட்டி உதைத்தாள். நான் குறுக்கே போய்த் தடுத்தேன். அரிகிருஷ்ணன் பச்சையம்மாவின் துணிகளைத் தெருவில் எறிந்தார். பொறுக்கி மடித்துக் கொடுத்ததும் நான்தான்.

மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் பாத்திரம் தேய்க்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. வைகுண்ட ஏகாதசி முடிந்ததும் வருஷா வருஷம் போய்ப் பார்ப்பேன், பிரசாதமும் ஒரு புடவையும் கொடுப்பேன். "நீங்க ஒருத்தர்தான் சார் என்னை மனுசியா பாக்குறீங்க" என்பாள். கேன்டீனில் அவளுக்குச் 'சம்ப் அக்கா' என்று பெயர். எங்கே எந்த மூடியைப் பார்த்தாலும் ஏறி நின்று மிதித்துப் பார்ப்பாளாம். பையன்கள் வேண்டுமென்றே திறந்து வைத்து, "அக்கா, மறுபடியும் மறந்துட்டியா?" என்று கேட்டுச் சிரிப்பார்களாம். அதைச் சொன்னபோது அவளும் சிரித்தாள். பொறுத்துக்கொள் என்றேன்.

முழுப் படம் இருக்கிறதா என்று ஒருமுறை அரிகிருஷ்ணன் கேட்டார். பெருவெள்ளத்தில் போய்விட்டது என்றேன். அந்த வருஷம் முடிச்சூரில் எல்லோருக்கும் ஏதாவது போயிருந்தது, யாரும் மேலே கேட்கவில்லை. இப்போது உதயா சுவர் அளவுக்கு டிவி வாங்கியிருக்கிறாள். அதில் மகளின் முகம் அகலமாகத் தெரிந்திருக்கிறது. பிள்ளையின் முகம் பிள்ளையின் முகமாக வேண்டும் என்று குரோம்பேட்டையில் ஒரு கடைக்குப் போயிருக்கிறாள். இதில் இரண்டு பக்கமும் வெட்டியிருக்கிறது, அதுவும் ஒரு பக்கம் அதிகம், குண்டத்தைப் பாருங்கள் என்று அந்தக் கடைப் பையன் சொல்லியிருக்கிறான். கெட்டிக்காரன். அதனால்தான் அவள் புகாரோடு நீங்கள் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

வெட்டிய பகுதியில் என்ன இருந்தது என்று கேட்டீர்கள். பச்சையம்மா வருகிறாள், வாளியில் தண்ணீர் மொள்கிறாள், மூடியை இழுத்து மூடுகிறாள், மேலே ஏறி நின்று ஒருமுறை மிதித்துப் பார்க்கிறாள், பின்கட்டுக்குப் போகிறாள். கொஞ்ச நேரம் கழித்து நான் வருகிறேன்.

பந்தலுக்கு வெளியே சேறு. கால் அலம்பாமல் பூர்ணாஹுதிக்கு முன்னால் நிற்க எனக்கு மனம் வராது. மூடியை நகர்த்தித் தண்ணீர் எடுத்து அலம்பினேன். திரும்ப மூடப் போனபோது சாஸ்திரிகள் மந்திரத்தை ஆரம்பித்துவிட்டார். இரும்பு சிமெண்டில் உரசினால் அந்தச் சத்தம் மைக்கில் மந்திரத்தோடு கலந்துவிடும். முடிந்ததும் மூடிக்கொள்ளலாம் என்று கேமராவுக்குப் போனேன்.

கேமராவின் சின்னத் திரையில் குழந்தை தெரிந்தாள். பட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது ஓரமாக நடந்தாள். கூப்பிட்டிருந்தால் என் குரல் பதிவாகியிருக்கும். பூர்ணாஹுதியை இன்னொரு தடவை கொடுங்கள் என்று சொல்ல முடியாது இல்லையா? பெரியவர்கள் அத்தனை பேர் இருக்கிறார்கள், யாராவது தூக்கிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். கெட்டிமேளம் முழங்கியது. நெய் எரிந்து தீ மேலே எழும்பியது. நான் எடுத்ததிலேயே நன்றாக அமைந்த பூர்ணாஹுதி அது. மறுபடி ஓரத்தைப் பார்த்தபோது குழந்தை இல்லை.

பிறகு எல்லோரும் தேடினார்கள். நானும் தேடினேன், மொட்டை மாடியில். நேராகச் சம்ப்புக்குப் போயிருந்தால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார்கள். மாடித் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் பார்த்தேன், வெற்றுச் சிமெண்டு மூட்டைகளைப் புரட்டிப் பார்த்தேன். மாடியிலிருந்து அந்த மூடி நன்றாகத் தெரிந்தது. "ஓவியா, ஓவியா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவளை எடுத்தபோது உடம்பில் கொஞ்சம் சூடு இருந்ததாக டாக்டர் சொன்னார். உதயாவிடம் இதைச் சொல்ல வேண்டி வந்தால் பக்குவமாகச் சொல்லுங்கள்.

முழுப் படத்தை வெள்ளம் கொண்டுபோகவில்லை. பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். போன ஆடியில் பச்சையம்மா போய்விட்டாள். கொள்ளி வைத்த உறவுக்காரப் பையன் சாம்பலுக்கு வரவில்லை. கேன்டீன்காரர்கள் சொல்லி நான் போய் வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்குக் கடையில் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதை நான் கொடுக்காமலே வைத்திருந்தது உறுத்திக்கொண்டிருந்தது. உட்கார்ந்து அவளுக்காக ஒரு டிஸ்க் போட்டேன். முழு அகலம். வெட்டவில்லை, நெருக்கவில்லை, இழுக்கவில்லை. அவள் மூடியின் மேல் ஏறி மிதிக்கும் இடத்தில் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினேன். பிறகு கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தேன். விடிந்ததும் கோவளம் போய், இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, பெருமாள் நாமத்தைச் சொல்லி முதலில் சாம்பலை விட்டேன், அதன்மேல் டிஸ்க்கை விட்டேன். அலை ஒருமுறை திருப்பிக் கொண்டுவந்தது. காலால் அழுத்தி, அடுத்த அலையோடு உள்ளே தள்ளினேன்.

கரையில் யாரும் இல்லை. ஒருவருக்கு நல்லது செய்யும்போது நாலு பேர் பார்க்கக் கூடாது என்பது என் வழக்கம்.