காட்டுமாட்டுக்கு முன்னால நின்னவ

மூஞ்சிய செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா நான் போயிருவேன்னு நெனைக்காத. நாலு மணி நேரம் உன்ன இந்த மிஷினோட சேத்து மாட்டி வச்சிருக்காங்க, எந்திரிச்சு ஓட முடியாது. அது தெரிஞ்சுதான் இந்நேரம் பாத்து வந்திருக்கேன். வீட்டுக்கு வந்தா கதவச் சாத்துவ. இங்க எந்தக் கதவச் சாத்துவ?

பெல்ல அமுக்கு. நல்லா அமுக்கு. வரட்டும்.

வாங்க சிஸ்டர். நான் ஜெயமேரி, இந்த சகாயராஜோட கூடப் பொறந்த அக்கா. ரெண்டு வருசமா வாரத்துக்கு மூணு தடவ இங்க வந்து ரத்தம் சுத்தம் பண்ணிட்டுப் போறானே, அக்கான்னு ஒருத்தி இருக்கறதா ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கானா? சொல்லியிருக்க மாட்டான். இல்ல சிஸ்டர், சத்தம் போட மாட்டேன். பேசிட்டுப் போயிருவேன். நீங்க உங்க வேலையப் பாருங்க.

பாத்தியா, போயிட்டாங்க.

பைத்தியம்னு சொன்னியாமே. கிளாரா சொன்னா. உன் பொண்டாட்டி என்கூடப் பேசுறாளான்னு முழிக்காத, பேசுவா. நாப்பத்தெட்டு வயசுப் பொம்பள தன்னந்தனியா மலைக்குப் போயி முட்டியில அடிபட்டு வந்திருக்கான்னு அவ சொன்னதுக்கு, அந்தப் பைத்தியத்தோட பேச்ச என்கிட்ட எடுக்காதன்னியாம். பெரிய அடியெல்லாம் இல்ல, சிராய்ப்புத்தான். இந்தா பாரு. பாக்க மாட்டியா, சரி. காது இருக்குல்ல. என்ன நடந்துச்சுன்னு முழுசாக் கேட்டுட்டு, அப்புறம் பைத்தியமா இல்லையான்னு சொல்லு.

போன சனிக்கிழமை. மலைச்சாமி பூவத் தூக்கிக்கிட்டு விடியக்காலமே மார்க்கெட்டுக்குப் போயிட்டாரு. ஏன், பேரச் சொன்னதும் பல்லக் கடிக்கிற? இருபத்திரெண்டு வருசமா அவருதான் என் புருசன். சொல்லத்தான் செய்வேன். மக இளவேனிலு காலேஜ் ஹாஸ்டல்ல கெடக்கா. அவ ஷூ வீட்ல இருந்துச்சு, எடுத்து மாட்டிக்கிட்டேன். ஒரு சைஸு பெருசு. முன்னாடி துணியத் திணிச்சுக்கிட்டேன். சேலையும் ஷூவுமா தெருவுல போறேன், எதுத்த வீட்டு நாகஜோதி வாளிய வச்சுட்டு நின்னு பாக்குறா. எங்க போறீங்கக்கா இப்படின்னு கேட்டா. ஆஸ்பத்திரிக்குன்னேன். எல்லாரும் மலைக்கு எதுத்த தெசையிலதான் ஆஸ்பத்திரிக்குப் போவாங்க, நான் மலையப் பாத்துப் போறேன். அவ வாளியத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா.

கன்னிவாடிக்கு மேக்க, அடிவாரத்துல இருந்து காப்பித் தோட்டத்துக்கு மூடை செமக்குறவங்க போற ஒத்தையடிப் பாதை இருக்கு. வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து வாசல்ல நின்னு அந்த மலையப் பாக்குறேன். ஒரு நாளும் ஏறுனதில்ல. விடிஞ்சா பூ பறிக்கணும், பறிச்சாக் கட்டணும், மலை என்ன ஓடியா போகப் போகுதுன்னு இருந்துட்டேன்.

எதுக்குப் போனன்னு கேட்டியா? கேக்கலையா. உதடு அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. வாரேன், அதுக்கும் வாரேன்.

ஒரு மணி நேரம் ஏறியிருப்பேன். மூச்சு வாங்குது. ஒரு மரத்தடியில ஒக்காந்து புளிசாதத்தத் தொறந்தேன். தொறந்து மூடியக் கீழ வைக்கல, தலைக்கு மேல இருந்து ஒரு கடுவன் கொரங்கு எறங்குச்சு. பக்கத்துல வந்து ஒக்காந்துச்சு. ரொம்ப நாள் பழகுன மாதிரி டப்பாவ என் மடியில இருந்து எடுத்துக்கிச்சு. எடுத்துட்டு, என்னயப் பாக்காம அங்குட்டுத் திரும்பி ஒக்காந்து திங்குது. சத்தியமாச் சொல்றேன், உன் ஞாபகந்தான் வந்துச்சு. அதே முதுகு. நார்த்தங்கா ஊறுகாய மட்டும் வாயில வச்சுட்டுத் துப்பிருச்சு. என் கைப்பக்குவத்தக் கொரங்குகூட மதிக்கல. டப்பாவப் பள்ளத்துல எறிஞ்சுட்டு மரத்துல ஏறிருச்சு.

சிரிச்சியா? இல்லையா. சரி.

அதுக்கு மேல ஒரு ஓடை. முழங்காலுக்குக் கீழதான் தண்ணி. தாண்டிரலாம்னு பாசி புடிச்ச கல்லுல கால வச்சேன். ஷூ வழுக்குன வழுக்குல தண்ணிக்குள்ள ஒக்காந்துட்டேன். அங்கதான் முட்டி தேஞ்சது. யாரும் இல்ல, கைதூக்கி விட ஆளில்ல. செத்த நேரம் அப்படியே ஒக்காந்திருந்தேன். தண்ணி சில்லுன்னு இருந்துச்சு. எந்திரிக்கவே மனசில்ல. நிமுந்து பாத்தா மேல கெளையில ஒரு மலை அணிலு. பூனை அளவு இருக்கு, செவப்பும் கறுப்புமா, வாலத் தொங்கப் போட்டுக்கிட்டு எதையோ கடிச்சுக்கிட்டே என்னயப் பாக்குது. கடிச்ச தோல என் தலையில போட்டுட்டுப் போச்சு. அம்புட்டுத்தான் மரியாதை.

ஈரச் சேலையோட ஏறி மேல பாறைக்குப் போயிட்டேன். அங்க இருந்து பாத்தா கீழ எல்லாம் தெரியுது. டேம் தண்ணி தெரியுது, தென்னந்தோப்பு தெரியுது, தூரத்துல திண்டுக்கல்லு. மலைக்கோட்டை என்னமோ கொட்டாங்கச்சியக் கவுத்து வச்ச மாதிரி கெடக்கு. அங்க எனக்கு ஒரு வேலை இருந்துச்சு. முடிச்சேன். முடிச்சதும் நெஞ்சு லேசாத்தான் இருந்துச்சு. மெதுவாக் கீழ எறங்க ஆரம்பிச்சேன்.

எறங்குறப்பதான் பாத்தேன். பாதை திரும்புற எடத்துல பத்தடியில ஒரு பெரிய கரும்பாறை. ஏறுறப்ப இது இல்லையேன்னு நெனச்சேன். பாறை காத ஆட்டுச்சு. காட்டுமாடுடா. என் ஒசரம் அதோட தோளு. கால்ல வெள்ளையா, சாக்ஸு போட்ட மாதிரி. ஓடக்கூடாதுன்னு சொல்லுவாங்க. ஓடணும்னாலும் ஷூவுக்குள்ள துணி நகந்து கெடக்கு, எங்கிட்டு ஓட. நின்னேன். அதுவும் நின்னுச்சு.

அப்ப என்ன நெனச்சேன் தெரியுமா? இன்னைக்கு இது குத்திக் கொன்னுருச்சுன்னா, நீ எனக்கு வச்ச பூசை வீண் போகாதுன்னு நெனச்சேன். மறந்துட்டியா? நான் மறக்கல. ஒரு இந்துவக் கட்டிக்கிட்டுப் போனேன்னு, கல்யாணம் முடிஞ்ச மூணாவது ஞாயித்துக்கெழம, சர்ச் சாமியாருக்கு எழுதிக் குடுத்து, இறந்த ஜெயமேரியின் ஆன்ம இளைப்பாற்றிக்காகன்னு பூசைக்கு முன்னாடி மைக்குல வாசிக்க வச்சியே. நான் அந்நேரம் கன்னிவாடியில ஒக்காந்து பூக் கட்டிக்கிட்டு இருக்கேன். ராயப்பராஜ் சித்தப்பா பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டு, தாயி, நீ இருக்கியான்னு கேட்டாரு. இருக்கேன் சித்தப்பான்னேன். அவரு அழுதாரு. நான் அழல. அன்னைக்கு வச்ச கோவம்டா இது, இன்னும் சூடு ஆறல.

தலைய ஆட்டாத. கேளு.

காட்டுமாடு மூக்க ஊதுச்சு. புஸ்ஸுன்னு. தலையத் தாழ்த்துச்சு. என் வாயில இருந்து சத்தம் வந்துச்சு. நான் மாதாவக் கூப்பிடல. புருசனக் கூப்பிடல. ஏலே சகாயம்னு கத்துனேன். காடு பூராம் கேட்டிருக்கும். சின்னப் புள்ளையில நாயி தொரத்துனா அப்படித்தான கத்துவேன், நீயும் டவுசரப் புடிச்சுக்கிட்டுக் கல்லோட ஓடி வருவ. அந்தப் பாழாப்போன பழக்கம் நாக்குல ஒட்டிக்கெடக்கு. எனக்கே அசிங்கமாப் போச்சு. மாட்டுக்கும் உன் பேரு புடிக்கல போல, ஒரு பார்வ பாத்துட்டுப் பொதருக்குள்ள போயிருச்சு. நான் அங்கனயே ஒக்காந்துட்டேன், எந்திரிக்க அரைமணி நேரமாச்சு. வீட்டுக்கு வந்து ஷூவக் கழட்டுனா ரெண்டு அட்டை, ரத்தத்தக் குடிச்சுக் கொழுத்துக் கெடக்கு.

இப்ப சொல்றேன், மேல என்ன வேலைன்னு.

போன மாசம் மதுரைக்கு அனுப்பணும்னு உன்கிட்ட ரத்தம் எடுத்தாங்கள்ல. கிட்னி குடுக்க ஒரு ஆளு இருக்கு, பொருத்தம் பாக்குறாங்க, ஆளு யாருன்னு அப்புறம் சொல்றேன்னு கிளாரா சொன்னாள்ல. அவளுக்கு சுகரு, அவ குடுக்க முடியாது. யாருக்கும் தெரியாம என் வீட்டுக்கு வந்து, வாசல்லயே நின்னா. உள்ள வான்னு கூப்பிட எனக்கு ரொம்ப நேரமாச்சு. பேரச் சொல்ல வேணாம்னு நாந்தான் சொன்னேன். சொன்னா நீ அந்தக் கிட்னிய வாங்க மாட்ட, எனக்குத் தெரியாதா உன்ன. பொருந்திருச்சு. டாக்டரு எல்லா டெஸ்டும் எடுத்துட்டாரு. மலைச்சாமி கையெழுத்துப் போட்டுட்டாரு. நாந்தான் போடாம இருந்தேன்.

வேணாம்னு சொல்றதுக்குத்தான் மலைக்குப் போனேன். வீட்ல இருந்து சொல்லிப் பாத்தா வாய் வரல. யாருமில்லாத எடத்துல சத்தமாச் சொல்லிப் பழகிக்கலாம்னு போனேன். பாறை மேல நின்னு, முடியாது, அவனுக்குக் குடுக்க மாட்டேன்னு ரெண்டு தடவ சொன்னேன். வாய்க்கு ருசியா இருந்துச்சு. அப்புறம் கீழ எறங்குனேன். எறங்குறப்ப நடந்ததுதான் சொல்லிட்டேனே. திங்கக்கெழம போயிக் கையெழுத்துப் போட்டேன்.

மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. மன்னிக்கல. அது வேற, இது வேற.

வியாழக்கெழம மதுரை ஆஸ்பத்திரியில நம்ம ரெண்டு பேரையும் ஒக்கார வச்சு விசாரிப்பாங்களாம். நாலஞ்சு பேரு இருப்பாங்களாம், வீடியோ எடுப்பாங்களாம். குடுக்குறவ உனக்கு என்ன மொற வேணும்னு உன்கிட்டத்தான் கேப்பாங்க. நான் சொன்னா செல்லாது, கிளாரா சொன்னா செல்லாது. நீ உன் வாயால சொல்லணும். சொல்லலேன்னா ஆபரேஷனுக்கு விட மாட்டாங்க. அத ஞாபகப்படுத்திட்டுப் போகத்தான் வந்தேன். வேற ஒண்ணுமில்ல.

என்ன?

ம். அப்படி மொனங்குனா ஆகாது. அங்க நாலஞ்சு பேருக்குக் கேக்கணும்.