சூக்குக்குப் போன மிளகாய்த்தூள்

வின்டர்தூர் ஸ்டேஷனில் விமான நிலையம் போகும் ரயிலில் ஏறினேன். எதிர் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். நடுவில் பெரிய நீலப் பெட்டி. ஒட்டுக் கேட்கக்கூடாதுதான், ஆனால் தமிழ் என்றால் என் காது தானாகப் போய்விடுகிறது.

“பெட்டி எங்கடை இல்லை. ஆனா உள்ளுக்கை கிடக்கிறதெல்லாம் எங்கடை மாதிரித்தான்,” என்றார் மனைவி.

“ஒடியல், வடகம், மிளகாய்த்தூள். யாழ்ப்பாணம் போட்டு வாற எல்லாரும் இதைத்தானே கொண்டுவாறது. பேரைப் பாத்திருக்கலாமே.”

“நீங்கள்தானே எயார்போட்டிலை தூக்கினது.”

கணவர் பெட்டியில் தொங்கிய பேர்ச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

“நான் வேறை, அம்மாவுக்குப் போன் எடுத்து, இந்தமுறை தூள் நல்ல திறம் எண்டு சொல்லிப்போட்டன்.”

“ஓம். மூண்டு நாளா ஆரோ ஒரு மனிசி இடிச்ச தூளைத்தான் சாப்பிட்டிருக்கிறம்.”

“அப்ப எங்கடை அம்மான்ரை தூள்?”

“சூக் எண்ட ஊரிலை. இந்தப் பெட்டிக்கார ஆக்கள் இப்ப எங்கடை பெட்டியோடை எயார்போட்டுக்கு வருகினம். தூளிலை உறைப்பும் இல்லை, வாசமும் இல்லை எண்டு தங்கடை அம்மாவோடை போனிலை சண்டை பிடிச்சிட்டினமாம்.”

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இப்ப ஆர் எந்த அம்மாட்டை என்னத்தைச் சொல்லுறது?”

விமான நிலையம் வந்தது. பெட்டியைத் தூக்கியவர் குரலைத் தாழ்த்தினார்.

“இதிலை கொஞ்சத்தூள் எடுத்து வைச்சனீரோ?”

“ரெண்டு போத்தல்,” என்றார் மனைவி.