மாட்டாத வால்வு

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, வேலை உடுப்போடு நேராக வந்திருக்கும் குழாய்த் தொழிலாளத் தோழர்களே, மறைந்த அண்ணன் போட்டுக்கொடுத்த வெந்நீரில் குளித்துவிட்டு வந்திருக்கும் வாடிக்கையாளப் பெருமக்களே! அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. பதினொரு நாளாகச் சரியான தூக்கமும் இல்லை. இந்த மேசையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மை விட்டுப் போனவர் யார்? 'சூரிய வெந்நீர்ச் செம்மல்' என்று பேனரில் போட்டிருக்கிறீர்கள். பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். நமக்கெல்லாம் அவர் மாடி அண்ணன். தொட்டியை ஏற்றுவதற்கு முன்னால் மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் சும்மா நடப்பார். தளம் தாங்குமா? பக்கத்து வீட்டு நிழல் எப்போது விழும்? கீழே பாய்லருக்குக் குழாய் எந்த வழியாக இறங்கும்? "அண்ணே, ஏத்திரலாமா?" என்று கேட்டால், "இருடா, வெயில் எங்க உக்காருதுன்னு பாத்துட்டு ஏத்தலாம்" என்பார். நாங்கள் படிக்கட்டில் தொட்டியோடு விழி பிதுங்கி நிற்போம். அந்த மனிதரை வாயாரத் திட்டியும் இருக்கிறேன், மனதாரக் கும்பிட்டும் இருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தலைவர், "ஒரே ஒரு தவறைத் தவிர அப்பழுக்கில்லாத தொழிலாளி" என்றார். அந்த ஒரே ஒரு தவறு! ஆறு வருடமாக அதைக் கேட்டுக் கேட்டு நான் ஓய்ந்துவிட்டேன். இன்று அதைத்தான் பேசப்போகிறேன்.

மூன்றாம் வரிசையில் இருக்கும் தையல்கார அம்மாவின் வீட்டில் நடந்தது அது. மாடியில் சூரியத் தொட்டி, கீழே பாய்லர். வெயில் இல்லாத நாளில் தொட்டித் தண்ணீரைப் பாய்லர் சூடேற்றி அனுப்பும். பாய்லருக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு மிக்ஸிங் வால்வு மாட்ட வேண்டும். வெந்நீர் அளவுக்கு மீறிச் சுட்டால், பச்சைத் தண்ணீரைக் கலந்து உடம்பு தாங்கும்படி அனுப்புவது அதுதான். வேலையைப் பிரித்துக்கொண்டோம். அண்ணன் மாடியில், நான் கீழே.

என் பையில் இருந்த வால்வு அளவு சேரவில்லை. மறுபடி கடைக்கு நடக்க அலுப்பு. பாய்லரில்தான் ஐம்பது டிகிரி வைத்திருக்கிறோமே, அதற்கு மேல் எங்கே போகப்போகிறது என்று நினைத்து நேர்க்குழாயைப் போட்டு முடித்தேன். ஆம், நான்தான் போட்டேன்! பாய்லர் குறைந்த சூட்டை ஏற்றுமே தவிர, கூடின சூட்டை இறக்குமா? இறக்காது! நாலு நாள் மேகமூட்டம். சோதித்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் வெயில் கொளுத்தியது. மாலையில் அந்த அம்மா ஷவரைத் திறந்தார். வலது தோளும் கையும் வெந்துபோயின. நாலு மாதம் அவரால் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை.

சங்க விசாரணையில் நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் எழுந்தார். "நான்தாங்க மாட்ட மறந்துட்டேன்" என்றார். வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?"

"உனக்கு லைசென்ஸ் வந்து மூணு மாசம்தான்டா ஆகுது, புடுங்கிருவாங்க. என்னை நாலு திட்டு திட்டிட்டு விட்ருவாங்க. வா, டீ குடிக்கலாம்."

விட்டார்களா? விடவில்லை! சங்கப் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்து, லைசென்ஸையும் பிடுங்கிக்கொண்டார்கள். இருபது வருடம் தலைமை தாங்கி வேலை செய்த மனிதர், ஆறு வருடம் எனக்கு உதவியாளாக மாடி ஏறினார். யாருக்கு? எனக்கு! கையெழுத்து என்னுடையது, வேர்வை அவருடையது. ஒவ்வொரு வருடமும் அழைக்காமலே அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய், கதவு திறந்தால் தண்ணீரைத் தன் கையில் விட்டுப் பார்த்துவிட்டு வருவார். முதல் வருடம் அந்த அம்மா கதவைத் திறக்கவில்லை. அடுத்த வருடம் திறந்து, வாய்க்கு வந்தபடி திட்டினார். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். நான் தெருமுனையில் வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.

சொல்லிவிடலாம் என்று எத்தனை முறை வாயெடுத்தேன்! மகள் படிப்பு முடியட்டும், வீட்டுக் கடன் அடையட்டும் என்று தள்ளிப்போட்டேன். அவர் முந்திக்கொண்டார்.

அண்ணி, அவர் உங்களிடம்கூடச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். "உங்க அண்ணன் கவனமில்லாம பண்ணிட்டாரு, நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க தம்பி" என்று நீங்களே எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். அன்று உங்கள் வீட்டில் உட்கார்ந்து அந்த ஆறுதலையும் வாங்கிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

தலைவர் அவர்களே, அவர் பெயரைப் பட்டியலில் திரும்பச் சேருங்கள். போனவருக்கு லைசென்ஸ் எதற்கு என்று கேட்பீர்கள். அண்ணிக்கு வேண்டும். என்னுடையது இதோ, இந்த மேசையில் வைத்துவிட்டேன். என்ன செய்வது என்று நீங்கள் கூடி முடிவெடுங்கள்.

அவர் பணியைத் தொடர்வேன் என்று சபதம் செய்வது இத்தகைய கூட்டங்களில் வழக்கம். எல்லாப் பணியையும் தொடர எனக்குத் தெம்பில்லை. ஒன்றை மட்டும் தொடர்கிறேன். தையல்கார அம்மா, உங்கள் வீட்டில் இந்த வருடச் சோதனை இன்னும் பாக்கி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து வாசலில் நிற்பேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் உங்கள் விருப்பம்.